தயையும் உரிமையும்

நல்ல எஜமானர் வாய்த்துவிட்டால் வீட்டுப் பணிப்பெண்ணுக்குச் சட்டமும் சங்கமும் எதற்கு என்று கேட்போர் உளர். அன்புள்ள இடத்தில் உரிமை பேசுவது நன்றி மறப்பதாகும் என்பது அவர்கள் வாதம். இது பொருந்துமா என்று ஆராய்வோம்.

ஹாங்காங்கில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்த பெண்கள் லட்சக்கணக்கில் வீட்டு வேலை செய்கின்றனர். 1987-இல் ஏற்பட்ட விதிப்படி, ஒப்பந்தம் முறிந்தால் அவர்கள் பொதுவாக இரு வாரங்களுக்குள் வெளியேறவேண்டும். 2003 முதல் எஜமானர் இல்லத்திலேயே தங்கவும் வேண்டும். ஆகவே, முறையிடுகிறவள் வேலையையும் உறைவிடத்தையும் ஒருங்கே இழக்கிறாள். எஜமானர் நல்லவராயின் குறையில்லை; தீயவராயின் புகலில்லை. எர்வியானா என்ற இந்தோனேசியப் பெண்மணி அனுபவித்த கொடுமை 2014-இல் வெளிப்பட்டபோது, ஆயிரக்கணக்கான பணிப்பெண்கள் வீதியில் திரண்டு நீதி கேட்டனர். மறு ஆண்டு அவருடைய எஜமானிக்கு ஆறாண்டுச் சிறைவாசம் விதிக்கப்பட்டது.

பல நாட்டுப் பணிப்பெண்களின் சங்கங்கள் வாதாடியதன் பயனாக, 2011 ஜூன் 16-இல் ஜினீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. பாஸ்போர்ட் தொழிலாளியிடமே இருக்கவும், ஓய்வு நாளில் அவர் வெளியே செல்லவும் அது வழிசெய்கிறது. ஆதரித்து வாக்களித்த நம் நாடு இன்னும் அதனை ஏற்று உறுதிசெய்யவில்லை.

வலிமைக்கேற்ற வேலை, ஊதியம், நோயில் பராமரிப்பு, உரிய காலத்தில் ஓய்வு ஆகியவற்றை ஊழியர்க்கு அளிப்பது எஜமானரின் கடமை எனச் சிகாலோவாத சூத்திரத்தில் பகவான் புத்தர் போதித்தார். ஒருவர் கடமை மற்றவர் உரிமையன்றோ? தயை உயர்ந்ததே, ஆயினும் மனம் மாறினால் தயையும் மாறும். மாறும் மனத்தை நம்பி ஒருத்தியின் வாழ்வை விட்டுவிடுதல் தருமமாகாது. மெய்யான கருணை உரிமையைக் கண்டு அஞ்சுவதில்லை.