அந்த எட்டு நாள்

தோமாவைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். எல்லாமே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியவை. முதல் ஞாயிறு மாலை உயிர்த்த ஆண்டவர் வந்தபோது தோமா அங்கே இல்லை. காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றார். அடுத்த ஞாயிறு ஆண்டவர் மறுபடி வந்தார், தோமா அவரைத் தேவன் என்று அறிக்கையிட்டார். இடைப்பட்ட நாட்களைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. எட்டு நாள் கழித்துச் சீஷர்கள் உள்ளே இருந்தபோது தோமாவும் கூட இருந்தார் என்பதுதான் யோவான் தரும் தகவல்.

எனக்கு அந்த வாரம்தான் பெரிதாகப் படுகிறது. பத்துப் பேர் கண்டவர்கள், ஒருவர் காணாதவர். கண்டவர்களின் சந்தோஷத்துக்கு நடுவே நம்ப முடியாதவர் உட்கார்ந்திருப்பது லேசான காரியமா? "எங்கள் சொல்லையே நம்பவில்லையே" என்று அவர்கள் அவரை வெளியே அனுப்பியிருக்கலாம். அவரும் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. அவர் சந்தேகத்தை மறைக்கவும் இல்லை, வீட்டை விட்டுப் போகவும் இல்லை. லாசரு இறந்த சமயத்தில், போய் ஆண்டவரோடு சாவோம் வாருங்கள் என்று மற்றவர்களை அழைத்தவரும் இதே தோமாதான். அத்தனை நேசித்தவருக்கு வந்த சந்தேகம் துக்கத்தில் பிறந்தது.

உறுதியாகப் பேசியவர் பேதுரு. எல்லாரும் விட்டு ஓடினாலும் நான் ஓடமாட்டேன் என்றார். அன்று இரவு சேவல் கூவுவதற்குள் மூன்று முறை மறுதலித்தார். உறுதியான பேச்சை விசுவாசத்தின் அளவாக வைத்தால் அந்த இரவில் எல்லாக் கணக்கும் தப்பாகிவிடும். ஆனால் நம் சபைகளில் இன்றும் அதுதான் அளவு. சாட்சி நேரத்தில் எழுந்து நிற்பவர்கள் சுகம் கிடைத்தவர்கள், வேலை கிடைத்தவர்கள். கிடைக்காதவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், "விசுவாசம் போதாதும்மா" என்று ஊழியக்காரர் ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். அந்தத் தாய் அதன்பிறகு எந்த ஆலயத்துக்கும் போகவில்லை. சந்தேகம் அவரைப் பிரிக்கவில்லை. அந்தச் சொல்தான் பிரித்தது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள் நிறைய. கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைச் சுட்டுவிடும் என்பதால் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். பூசினாலும் விரல் நுனி கருத்துப்போகும், சோப்புக்கும் மசியாது. நற்கருணைக்காக நீளும் கைகளில் அந்தக் கறுப்பைப் பார்த்துப் பழகியவன் நான். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது இந்த மண்ணின் முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அப்பன் வைத்து மகன் காய் பொறுக்கிய மரங்கள். பலா மரங்கள் மொட்டையாக நின்றன. புதுக் கன்று நட்டாலும் நல்ல மகசூல் பார்க்க வருஷங்கள் ஆகும்.

மறுநாள் இரவு புத்தாண்டு ஆராதனை. கரண்ட் இல்லை, மெழுகுவர்த்தி வெளிச்சம்தான். வழக்கம்போல ஆளுக்கொரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகளைக் கொடுத்தார்கள். தோப்பை இழந்த ஓர் அம்மா தன் அட்டையை வாங்கி, வெளிச்சத்தில் காட்டிப் படித்துவிட்டு ஆயரிடமே நீட்டினார். "ஐயா, இதை நீங்களே வச்சிருங்க. எனக்கு இப்ப நம்ப வரல. வரும்போது வாங்கிக்கிறேன்" என்றார். ஆயர் அவரைத் தேற்றவும் முயலவில்லை, வசனம் காட்டவும் இல்லை. அட்டையைத் தன் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு, "சரிம்மா, எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க காலையில கோயிலுக்கு மட்டும் வந்துடுங்க" என்றார். அந்த அம்மா வந்தார். அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் வந்தார். பாட்டுக்கு எழுந்து நிற்பார், பாடமாட்டார். பக்கத்தில் நின்ற பெண்கள் பாட்டுப் புத்தகத்தை அவர் பக்கமும் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். நான் நேரில் பார்த்த எட்டு நாள் அது. மாதக்கணக்கில் நீண்டது.

தடுமாறியவரைச் சேர்த்துக்கொண்ட பழைய வரலாறு ஒன்றும் இந்தப் பக்கத்தில் உண்டு. பண்ருட்டியை ஒட்டிக் கெடிலக் கரையில் இருக்கும் திருவதிகை, சைவர்களுக்குத் திலகவதியார் தொண்டு செய்த ஊர். அவருடைய தம்பி சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு இன்றைய கடலூரின் பாடலிபுத்திரத்தில் பெரிய நிலையில் இருந்தார். சூலை நோய் வந்து தாங்க முடியாமல் அக்காவுக்கு ஆள் அனுப்பினார். அக்கா அந்த மடத்துக்கு வர மறுத்துவிட்டார். ஆனால் தம்பி இரவோடு இரவாக அக்காவின் வாசலில் வந்து விழுந்தபோது தூக்கி எடுத்தார், திருநீறு கொடுத்தார், விடிவதற்கு முன் கோயிலுக்கு அழைத்துப் போனார். அந்தத் தம்பிதான் அப்பர். சேக்கிழார் சொல்லும் இந்த வரலாறு என் மார்க்கத்தது அல்ல. சமணர்கள் இதை வேறு விதமாகச் சொல்லியிருக்கக்கூடும். ஆனாலும் அக்காவின் நடத்தையில் ஒரு சீஷனுக்குப் பாடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். தன் பற்றை அவர் இம்மியும் தளர்த்தவில்லை. வாசலில் வந்து விழுந்தவரிடம் விளக்கமும் கேட்கவில்லை. மனதில் திடமுள்ளவர்களால்தான் தடுமாறுகிறவரை இப்படிச் சேர்த்துக்கொள்ள முடியும். பதற்றத்தோடு விசுவாசிக்கிறவருக்கு அடுத்தவரின் கேள்வி பயமாக இருக்கிறது.

ஆண்டவர் சந்தேகப்பட்டவர்களை எப்படி நடத்தினார் என்று பாருங்கள். சிறையில் இருந்த யோவான் ஸ்நானன், வரவேண்டியவர் நீர்தானா, வேறொருவருக்குக் காத்திருப்பதா என்று ஆள் விட்டுக் கேட்டார். அவர் அனுப்பியவர்கள் திரும்பிப் போனதும் ஆண்டவர் கூட்டத்தைப் பார்த்து யோவானை எவ்வளவு உயர்த்திப் பேசினார் என்பது மத்தேயு பதினோராம் அதிகாரத்தில் இருக்கிறது. அதே சுவிசேஷத்தின் கடைசியில், கலிலேயா மலையில் அவரைப் பணிந்துகொண்ட பதினொருவரில் சிலருக்கு அப்போதும் ஐயம் தீரவில்லை. அவர்களைப் பிரித்து நிறுத்திவிட்டு மற்றவர்களை மட்டும் அவர் அனுப்பவில்லை. சகல ஜாதிகளிடத்துக்கும் போங்கள் என்ற கட்டளை ஐயம் தீராதவர்களுக்கும் சேர்த்துத்தான். தொட்டுப் பார்க்கக் கேட்ட தோமா கடல் கடந்து மயிலாப்பூர் வரை வந்தார், பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது தமிழ்க் கிறிஸ்தவர்களின் நெடுநாள் மரபு.

ஆயர்மாருக்கும் சபை மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாட்சி நேரத்தில், ஜெபம் கேட்கப்படாதவர்களையும் எழுந்து பேசவிடுங்கள். "இன்னும் பதில் வரவில்லை, ஆனாலும் வந்திருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அதற்கும் ஆமென் சொல்லுங்கள். இப்போது நம்ப வராமல் இருக்கிறவரே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம்புவதுபோல் நடிக்க வேண்டாம், வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம். இந்த ஞாயிறு வாருங்கள். பாட முடியாவிட்டால் பாடாமல் நில்லுங்கள்.