அறுந்த இழையை ஒட்டும் கை



திரிசரணம் கூறிப் பஞ்சசீலம் ஏற்றவர்கள் நாம். பெயரை மாற்றிக்கொண்டோம். மணவினையிலும் நீத்தார் கடனிலும் புரோகிதரை விலக்கினோம். தாயத்தையும் மந்திரத் தகட்டையும் கழற்றினோம். இவை எளிதிற் கைகூடியவை அல்ல. அயோத்திதாச பண்டிதர் 1898-ஆம் ஆண்டில் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய காலந்தொட்டு, கோலார் தங்கவயலின் சுரங்கக் குடியிருப்புகளிலும் பெங்களூரின் உழைப்பாளர் தெருக்களிலும் வாழ்ந்த நம் முன்னோர், ஏச்சையும் ஒதுக்கலையும் பொறுத்துக்கொண்டு இந்நெறியைக் காத்தனர். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர், இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியபோது அந்நெறி புத்துயிர் பெற்றது.

இவ்வளவும் நடந்தபின்னும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. மதம் மாறிற்று, மனம் மாறிற்றா?

வாயிலில் பகவனின் திருவுருவம் இருக்கிறது. அதன் கீழேயே மனைவியின்மீது கை ஓங்கப்படுகிறது. கூலி கைக்கு வந்த அன்று மாலையே அதிற் பாதி கள்ளுக்கடைக்குப் போகின்றது. மேலதிகாரி கூறிய ஒரு சொல் மூன்று நாள் நெஞ்சில் எரிகின்றது; எரியும் நெருப்பைக் கொட்டுவதற்கு வீட்டிலுள்ள குழந்தையின் முதுகு அகப்படுகின்றது. தாயத்துக் கழன்றது கழுத்திலிருந்து மட்டுமே எனின், நாம் பெற்ற விடுதலை பாதி விடுதலையே ஆகும்.

பாபாசாகேப் அளித்த 22 உறுதிமொழிகளுள் ஒன்று, அட்டாங்க மார்க்கத்தில் ஒழுகுவேன் என்பது. அதன் எட்டு உறுப்புகளையும் எண்ணிப் பாருங்கள்: நற்காட்சி, நல்லூற்றம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி. இறுதியில் நிற்கும் இரண்டும் எவை? கடைப்பிடி என்பது மறவாமை. உள்ளம் செய்வதை உள்ளமே அறிந்திருத்தல். அமைதி என்பது சிதறாது நிற்கும் மனம். இவ்விரண்டையும் நாள்தோறும் பழகுவதற்கே தியானம் என்று பெயர். ஆதலின் தியானத்தை ஒதுக்குபவர், எட்டு ஆரக்காலுள்ள சக்கரத்தில் இரண்டைப் பிடுங்கிவிட்டு வண்டியோட்ட முயல்பவரே.

தியானம் என்றவுடன் நம்மவர் மூன்று தடைகளைக் கூறுவர்.

முதற்றடை: "இது சாமியார்களின் தொழிலன்றோ? பகுத்தறிவு பேசும் நமக்கு இஃது எதற்கு?" என்பது. காட்சி காட்டுவது, குண்டலியை எழுப்புவது, ஆண்டவனோடு பேசுவது என்று கூறிக் காசு பறிப்போர் உளர், மறுக்கவில்லை. பகவன் கற்பித்தது அதுவன்று. மச்சிம நிகாயத்திலுள்ள சதிபட்டான சூத்திரத்தில் அவர் உரைத்தவை நான்கே: உடலை அறிக, நுகர்ச்சியை அறிக, மனத்தின் நிலையை அறிக, மனத்தில் தோன்றி மறையும் தன்மங்களை அறிக. இங்கே கடவுள் இல்லை, மந்திரம் இல்லை, நம்பிவிடு என்ற கட்டளையும் இல்லை. மூச்சு உள்ளே வருங்கால் வருகிறதென்று அறிவதில் மூடநம்பிக்கைக்கு இடமேது? தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பதினும் பெரிய பகுத்தறிவு யாது?

இரண்டாந் தடை: "காட்டிலும் குகையிலும் இருப்போர்க்குரியது, ஓர் அறையில் அறுவர் படுத்துறங்கும் நமக்கு ஆகாது," என்பது.

யாம் இருபத்திரண்டு ஆண்டுகள் நூற்பாலையில் இழை ஒட்டிய கையினர். அந்த அறையின் இரைச்சலில் பக்கத்திலிருப்பவரோடு பேச வேண்டுமாயின் காதில் வாய் வைத்துக் கத்த வேண்டும். இல்லையேல் கைச்சாடை காட்ட வேண்டும். பஞ்சுத் தூசி இமையில் படியும். நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழல்கின்ற இரு வரிசைகளுக்கு நடுவே தொழிலாளி நடந்துகொண்டே இருப்பான். அவன் கண்ணுக்கு ஒரே வேலை: எங்கே இழை அறுந்தது? அறுந்ததைக் கண்டால் நிற்பான், நூல்முனையைத் தேடியெடுப்பான், உருளையிலிருந்து வரும் பஞ்சோடு சேர்த்து ஒட்டுவான், மேலே நடப்பான். அறுந்ததற்காகக் கதிரைத் திட்டிக்கொண்டு அங்கேயே நின்றால், அதற்குள் பத்து இழை அறுந்துபோம். அறாத இழை எந்த ஆலையிலும் இல்லை. இழையே அறாதவன் நல்ல தொழிலாளி என்பதன்று. அறுந்ததை விரைந்து கண்டு, சினமின்றி ஒட்டுபவனே நல்ல தொழிலாளி.

தியானமும் இதுவே. மூச்சின்மேல் மனத்தை வைக்கின்றீர்கள். ஐந்தாம் மூச்சில் அது கடன்காரனிடம் ஓடிவிடும். ஓடியதைக் கண்டவுடன், "எனக்கு இது வாராது," என்று நொந்துகொள்ளாமல், மீண்டும் மூச்சில் ஒட்டுங்கள். மறுபடி அறும், மறுபடி ஒட்டுங்கள். நூறு முறை அறுந்ததனால் தியானம் கெட்டதென்று எண்ணற்க. நூறு முறை ஒட்டினீர்களே, அதுவே தியானம்.

இவ்வுவமை எமது கற்பனையே ஆயினும், தொழிலாளியின் கையிலிருந்து உவமை எடுக்கும் வழக்கம் பகவனுடையது. அதே சூத்திரத்தில் மூச்சை அறிவது எப்படி என்று விளக்குமிடத்தில் அவர் யாரைக் காட்டினார்? அரசனையன்று, வேதியனையன்று, கடைசற்காரனைக் காட்டினார். நீளமாகக் கடையும்போது நீளமாகக் கடைகின்றேன் என்றும், குறுகக் கடையும்போது குறுகக் கடைகின்றேன் என்றும் அறிகின்ற தேர்ந்த கடைசற்காரனைப்போல, நெடுமூச்சை நெடுமூச்சென்றும் குறுமூச்சைக் குறுமூச்சென்றும் அறிக என்றார். கைத்தொழிலில் கவனம் பழகியவனுக்கு இவ்வழி அயலன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தன்மபதத்தின் உரையில் ஒரு வரலாறு உளது. ஆளவி என்னும் நகரில் நெசவாளி ஒருவனுக்கு ஒரு மகள் இருந்தாள். பகவன் அந்நகர்க்கு வந்து, வாழ்வு நிலையற்றது, சாவு உறுதி என்பதை நாளும் கருதுங்கள் என்று போதித்தார். கேட்ட ஊரார் தத்தம் வேலைக்குத் திரும்பி அதனை மறந்தனர். அச்சிறுமி மட்டும் மறவாள். மூன்று ஆண்டுகள் இரவும் பகலும் அதனைக் கருதியிருந்தாள். பகவன் மீண்டும் வந்த அன்று, தந்தை அவளிடம் தறிக்கு வேண்டிய நூலைச் சுற்றிக் கொண்டுவரும்படி ஏவினான். போகாவிட்டால் அடிப்பான். ஆதலின் நூலைச் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு, தறிக்குப் போகும் வழியில் அவையின் ஓரத்தில் வந்து நின்றாள். பெருந்திரள் கூடியிருந்தும் பகவன் வாய் திறவாது அவளுக்காகக் காத்திருந்தார்.

"எங்கிருந்து வருகின்றாய்?" என்றார். "அறியேன்," என்றாள். "எங்கே போகின்றாய்?" "அறியேன்." "அறியாயோ?" "அறிவேன்." "அறிவாயோ?" "அறியேன்." அவையோர் சீறினர்: நெசவாளியின் மகள் பகவனிடம் விளையாடுகின்றாளே என்றனர். அவளோ விளக்கினாள்: எப்பிறப்பிலிருந்து வந்தேன் என்பதை அறியேன், இறந்தபின் எங்கே போவேன் என்பதை அறியேன், இறப்பேன் என்பதை அறிவேன், எப்போது என்பதை அறியேன். பகவன் அவளைப் பாராட்டினார். கண்ணுடையார் அவளைப் போன்றாரே என உணர்த்தினார்.

அன்பர்களே, அவளுக்குக் குகை இருந்ததா? ஓய்வு இருந்ததா? அடிப்பான் என்று அஞ்சும் தந்தையும், முடிக்க வேண்டிய வேலையும், இடுப்பிலே கூடையும் இருந்தன. நூல் சுற்றும் கையோடுதான் அவள் மூன்று ஆண்டு கருதினாள். ஆலைத் தொழிலாளியும், வீட்டுவேலை செய்யும் தாய்மாரும் அவளுடைய உறவினரே.

மூன்றாந் தடையே பெரிது: "தியானம் செய்பவன் சாந்தமாகிவிடுவான், சாந்தமானவன் உரிமை கேளான், நம்மைப் பழைய அடிமைத்தனத்தில் தள்ளுவதற்கே இது பயன்படும்," என்பது. இந்த ஐயம் நியாயமானது. ஏனெனில், பொறுத்துக்கொள் என்ற உபதேசத்தை நூற்றாண்டுக் கணக்கில் கேட்டவர்கள் நாம்.

பகவன் இரண்டு அம்புகளின் உவமை கூறியிருக்கின்றார். ஒருவன்மேல் ஓர் அம்பு பாய்கின்றது. அது வெளியிலிருந்து வந்த துன்பம். கல்லாதவன் அதனோடு நில்லாமல் அழுது அரற்றி, மனத்தாலும் துன்புறுகின்றான். அஃது இரண்டாம் அம்பு. கற்றவன்மேல் முதல் அம்பு மட்டுமே பாய்கின்றது.

இதனை நம் வாழ்வில் வைத்துப் பார்ப்போம். சாதிச் சொல் கூறி இழிவுபடுத்துவது முதல் அம்பு. அதனை மனத்தின் மாயை என்று யாம் ஒருகாலும் கூறோம். எய்பவன் கையைத் தடுக்கவே அரசியல் சட்டத்தின் 17-ஆம் விதி தீண்டாமையை ஒழித்தது. 1989-ஆம் ஆண்டில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. பௌத்தம் தழுவியவர்க்கு அட்டவணைச் சாதியினரின் உரிமை 1990-ஆம் ஆண்டில்தான் கிட்டியது. இவையெல்லாம் வாய்மூடி இருந்து பெற்றவை அல்ல. கேட்டும் போராடியும் பெற்றவை. முதல் அம்பைச் சட்டத்தாலும் சங்கத்தாலும் தடுக்க வேண்டும். ஆனால் இரண்டாம் அம்பு நம் வில்லிலிருந்தே புறப்படுகின்றது. அதனைத் தடுக்க எந்த நீதிமன்றமும் இல்லை.

எம்மோடு வேலை செய்த தோழர் ஒருவர்க்கு நேர்ந்ததைக் கூறுவோம். தேநீர் தரும் இடத்தில் அவருக்கென்று ஒரு குவளையைத் தனியே வைத்தான் ஒரு மேஸ்திரி. பழைய நாளாயின் அவர் ஓங்கி அறைந்திருப்பார். அன்றே வேலை போயிருக்கும். குவளை அங்கேயே இருந்திருக்கும். அல்லது வாய்மூடி இருந்து, இரவில் குடித்து, மனைவியை அறைந்திருப்பார். அந்த ஆண்டு முழுவதும் அவர் எம்மோடு விடியலில் அமர்ந்து மூச்சைக் கவனித்து வந்தவர். அன்று அவர் நெஞ்சில் தீ எழுந்தது. எழுந்ததை அவர் கண்டார். கண்ட அந்த ஒரு கணத்தில் கை தாழ்ந்தது. இரு சாட்சிகளை அழைத்துக் குவளையைக் காட்டினார். பிழையற ஒரு முறையீடு எழுதித் தொழிற்சங்கத்திடம் கொடுத்தார். விசாரணை நடந்தது, குவளை நீங்கிற்று. சாந்தம் அவரை அடிமையாக்கவில்லை. அவர் கையெழுத்தை நடுங்காமல் காத்தது.

சினத்தை அடக்கச் சொல்வது வேறு. சினத்தைக் காணச் சொல்வது வேறு. காண்பவனுக்குத் தன் வலிமையை எங்கே செலவிட வேண்டும் என்பது தெரியும்.

ஐந்தாஞ் சீலத்தையும் இங்கே நினைக்க வேண்டும். மது வேண்டாம் என்பதற்குப் பாலி மொழியில் அச்சீலமே கூறும் காரணம், அது பமாதத்திற்கு, அதாவது மறதிக்கும் சோர்வுக்கும் இடம் என்பது. திருவள்ளுவர் 'பொச்சாவாமை' என ஓர் அதிகாரமே வகுத்தார். மறதியால் சோர்வுறாமை என்பது அதன் பொருள். பகவன் பரிநிர்வாணம் எய்துங்கால் சீடர்க்கு இறுதியாக விடுத்த சொல்லும் இவ்விழிப்பைப் பற்றியதே. இக்காலத்தில் போத்தலில் அடையாத மதுவும் வந்துளது. கைப்பேசியைத் தடவிக்கொண்டே உண்பதும், பிள்ளை பேசுவது காதில் விழாமல் இருப்பதும், விடியும்வரை உறங்காமல் கிடப்பதும் பமாதமே. கருவி தீதன்று, அதனிடம் நம்மை மறப்பதே தீது.

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, விடியலில் கால் மணி நேரம். பாயிலோ முக்காலியிலோ முதுகு நிமிர்ந்து அமருங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டா. வருவதையும் போவதையும் மூக்கின் நுனியில் அறியுங்கள். பிள்ளை அழுதால் எழுந்து பாருங்கள். திரும்பி வந்து ஒட்டுங்கள்.

இரண்டாவது, பகலில் ஏதேனும் ஒரு வேலையைத் தியானமாக்குங்கள். நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல் ஆகிய நான்கிலும் விழிப்போடிருக்கவே சூத்திரம் கூறுகின்றது. பேருந்து நிறுத்தம்வரை நடக்கும் நடையோ, காய் நறுக்கும் கையோ போதும்.

மூன்றாவது, சினமோ குடிவேட்கையோ எழும்போது, சொல்லுக்கு முன் மூன்று மூச்சு. "சினம் எழுந்துள்ளது," என்று உள்ளே அறியுங்கள். பிறகு பேசுங்கள்.

நான்காவது, இரவில் மைத்திரி. முதலில் தமக்கும், பிறகு வீட்டார்க்கும், தெருவினர்க்கும், இறுதியில் தீங்கு செய்தவர்க்கும் நலம் நினையுங்கள். முறையீட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்பதன்று. அவனைப்போல் நாம் ஆகிவிடாதிருக்க வேண்டும் என்பதே.

ஐந்தாவது, பௌர்ணமிதோறும் கூடி அமருங்கள். தனி இழை எளிதில் அறும். முறுக்கிய கயிறு அறாது. விடுப்புக் கிடைப்போர் பத்து நாள் விபஸ்ஸனா முகாமுக்கும் போகலாம். பர்மாவிலிருந்து 1969-ஆம் ஆண்டில் வந்த சத்திய நாராயண கோயங்கா தொடங்கிய முகாம்கள் அவை. 1976 முதல் இகத்புரியில் நடைபெறுகின்றன. 1994-ஆம் ஆண்டில் தில்லித் திகார் சிறையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் ஒருசேர அமர்ந்து பழகினர். சிறைக்கதவுக்குள்ளே இயன்றது நம் வீட்டுக்கதவுக்குள்ளே இயலாதோ?

ஒரு திங்களில் புத்தராகிவிடலாம் என்று யாம் உறுதி கூறோம். ஆறு திங்கள் செய்தபின் வேறெவரையும் கேளாதீர்கள்; உங்கள் மனைவியையும் மக்களையும் கேளுங்கள். வாசலில் உங்கள் காலடி கேட்டவுடன் பிள்ளைகள் ஓடி ஒளிந்தது போய், ஓடி வந்து நிற்பார்களாயின், அன்று அவ்வீட்டில் திரிசரணம் நிறைவேறிற்று என்க. நம் முன்னோர் வெளிக்கதவைத் திறந்து வைத்துப் போயினர். உட்கதவைத் திறக்கும் பொறுப்பு நம்முடையது.

எவ்வுயிரும் துயர் நீங்குக! எவ்வில்லமும் அச்சம் நீங்குக!

நமோ புத்தாய!