ஆணிக்குள் ஒரு கோலம்

தகடூர் அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போனார். அங்கே ஆயுதங்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய்ப்பூச்சோடு பளபளத்தன. அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் அவர். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. அலங்காரத்துக்கு விழுந்த குட்டு என்று இன்றும் ரசிக்கிறோம்.

கையால் கத்தி செய்பவர்கள் பிடியில் பதிக்கும் அலங்கார ஆணியைப் பார்த்தால் அந்தக் குட்டு கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. 6 மி.மீ. பித்தளைக் குழாய்க்குள் செம்பு, எஃகு, பித்தளைக் கம்பிகளை இறுக்கமாக அடுக்குகிறார்கள். இடுக்குகளில் கறுப்புச் சாயம் கலந்த எபாக்சி பிசினை நிரப்பிக் காயவிடுகிறார்கள். குறுக்கே அறுத்தால் பூவோ நட்சத்திரமோ தெரியும். எங்கே அறுத்தாலும் அதே கோலம்தான். பிசினில் காற்றுக்குமிழி சிக்கியிருந்தால் மட்டும், தேய்க்கும்போது ஆணியின் முகத்தில் குழி விழும்.

சாதாரண ஆணியைச் சுத்தியலால் தட்டித் தலை விரிக்கலாம். இதைத் தட்டினால் கோலம் கலைந்துவிடும். ஆகவே துளையில் பசையோடு செருகி, மட்டமாக அறுத்து, உப்புத்தாளால் நிதானமாகத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் சூடேறிப் பிசின் இளகும். பிடியைக் கெட்டியாக வைத்திருப்பது பெரும்பாலும் பசையும், கூடவே இறக்கும் வெற்று ஆணிகளும்தான்.

கரும்பு வெட்டும் அருவாளுக்கு இதெல்லாம் எதற்கு என்று தருமபுரி விவசாயி கேட்டால், அவர் கேட்பதும் சரிதான். அதற்கு மரப்பிடியும் இரும்புப் பூணும் போதும்.