போர்டோடு பிறந்தது

“அண்ணா, இதுல கிராபிக்ஸ் கார்டு போட முடியுங்களா?” கோயம்புத்தூரில் லேப்டாப் சர்வீஸ் கடை நடத்தும் எனக்கு இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் விஸ்காம், ஆர்க்கிடெக்சர் படிக்கும் பிள்ளைகள். பிளெண்டர் கற்றுக்கொண்டு அனிமேஷன் வேலைக்குப் போகும் ஆசையில் இருப்பவர்கள். அவர்களிடம் ‘முடியாது’ என்று எதற்குச் சொல்லலாம், எதற்குச் சொல்லக் கூடாது என்று யோசிக்கப் போனால், விதியா முயற்சியா என்ற பழைய வழக்கில்தான் போய் நிற்கிறேன்.

முடியாததை முதலில் சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப்பில் ஒரு கார்டைக் கழற்றி இன்னொன்றைச் செருகலாம். பெரும்பாலான லேப்டாப்புகளில் கிராபிக்ஸ் பிராசசருக்குள்ளேயே இருக்கும். தனிச் சிப் இருந்தாலும் நூற்றுக்கணக்கான சால்டர் உருண்டைகளால் போர்டில் பற்றவைத்திருப்பார்கள். ஹாட் ஏர் வைத்து அதை எடுத்துவிட்டாலும் வேறு சிப் அங்கே உட்காராது. பயாஸ், கரன்ட் போகும் தடம், செம்புக் குழாய் ஓடும் ஹீட்சிங்க் எல்லாமே பழைய சிப்புக்கு அளவெடுத்துச் செய்தவை. டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றே 170 வாட் கேட்கும். மெல்லிய லேப்டாப்புக்கு வரும் சார்ஜரோ பெரும்பாலும் 65 வாட். முன்பு சில ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப்புகளில் எம்எக்ஸ்எம் என்று கழற்றி மாட்டும் கார்டு இருந்தது. 2024-இல் விற்பனைக்கு வந்த ஃபிரேம்வொர்க் 16 லேப்டாப் அந்த வழியை மறுபடி திறந்திருக்கிறது. தண்டர்போல்ட் போர்ட் இருந்தால் கார்டைத் தனிப் பெட்டியில் வைத்து வெளியிலிருந்து இணைக்கலாம். அந்தச் செலவுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்பே வந்துவிடும்.

போர்டோடு பிறந்ததைப் போர்டோடுதான் வைத்துக்கொள்ள வேண்டும். இதைத்தான் ஊழ் என்கிறார்களா?

திருக்குறளில் ஊழ், அறத்துப்பாலின் கடைசி அதிகாரம். ஊழியல் என்று தனி இயல், அதில் இந்த ஒரே அதிகாரம். அதன் கடைசிக் குறளான 380, ஊழைவிட வலியது எதுவுமில்லை, நாம் வேறு வழி தேடினாலும் அது முந்திக்கொள்ளும் என்கிறது. பொருட்பாலில் ஆள்வினையுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளான 620-ஓ, தளராமல் உழைப்பவர் ஊழையே புறமுதுகிடச் செய்வார் என்கிறது. பட்டிமன்றத்தில் இந்த இரண்டையும் மோதவிட்டுக் கைதட்டல் வாங்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊழ் அதிகாரத்தின் முதல் குறளைப் படித்தவர் அப்படி மோதவிட மாட்டார். ஆக்கம் தரும் ஊழ் வந்தால் ஊக்கம் பிறக்கும், அழிக்கும் ஊழ் வந்தால் சோம்பல் பிறக்கும் என்று அது தொடங்குகிறது. அதாவது ஊழ் நம் கை வழியாகவே வேலை செய்கிறது. அப்படியானால் ஒரு பிள்ளை என் கடைப்படி ஏறியதும் ஊழ்தான், ஏறாமல் வீட்டிலேயே இருந்துவிட்டாலும் ஊழ்தான். இந்த வாதத்தைத் தர்க்கத்தால் உடைப்பது கடினம்.

ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு வாழ முடியாது. உவாசகதசா என்ற சமண நூலில் சத்தாலபுத்தர் என்றொரு குயவர் வருகிறார். ஆசீவகர். எல்லாம் நியதி, முயற்சி என்று ஒன்று கிடையாது என்பது அவர் கொள்கை. அவருடைய பானைகளைக் காட்டி, இவை உழைப்பால் ஆனவையா என்று மகாவீரர் கேட்கிறார். இல்லை, எல்லாம் முன்பே நிச்சயமானவை என்கிறார் குயவர். சரி, உன் ஆள் ஒருவன் இவற்றை உடைத்துப் போட்டால் என்ன செய்வாய்? அடிப்பேன் என்று பதில் வருகிறது. கொள்கை அங்கேயே ஆட்டம் கண்டுவிடுகிறது. தொழில் செய்கிறவனுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம். என்னிடம் வேலை கற்கும் பையன் குட்டை ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் நீள ஸ்க்ரூவை முறுக்கிப் போர்டைத் துளைத்தால், நான் கண்டிப்பது அவனைத்தான்.

சென்ற மாதம் ஒரு மாணவி ஐ5 1135ஜி7 லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்தாள். வேறொரு கடையில், “புதுசு வாங்கிக்கோம்மா, இதுக்கு அவ்வளவுதான் விதிச்சது” என்று அனுப்பிவிட்டார்களாம். டிவைஸ் மேனேஜர் ‘யுஎச்டி கிராபிக்ஸ்’ என்று காட்டியது. ஆனால் அந்தப் பிராசசருக்குள் இருப்பது 80 எக்ஸிக்யூஷன் யூனிட் கொண்ட ஐரிஸ் எக்ஸ்இ. பின்மூடியைத் திறந்தேன். ராம் ஸ்லாட் இரண்டு. ஒன்றில் 8 ஜிபி, மற்றது காலி. இந்த வகை கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, சிஸ்டம் ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். டிடிஆர்4 3200-இல் ஒரு சேனல் நொடிக்கு 25.6 ஜிபிதான் கடத்தும், இரண்டு சேனல் 51.2. இரண்டும் நிரம்பாதவரை ஐரிஸ் என்ற பெயரையே இன்டெல் காட்டாது. காலி ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபியைச் செருகினேன். பொருக்குத் தட்டியிருந்த தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டித் துடைத்துப் புதிது வைத்தேன். அவள் வீடு ஸ்பின்னிங் மில்லை ஒட்டி இருக்கிறது. ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பஞ்சு கம்பளிபோல் படிந்திருந்தது. எல்லாம் முடித்து ஆன் செய்ததும் அதே இடத்தில் ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று வந்தது. பிளெண்டரில் தன் மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்பு விக்கி விக்கி நகர்ந்தது இப்போது ஓடியது. கேமிங் லேப்டாப் ஆகிவிடவில்லை, ஆகும் என்று நான் சொல்லவுமில்லை.

பற்றவைத்த சிப்பை ஊழ் என்று ஒப்புக்கொள்கிறேன். காலி ஸ்லாட்டையும் ஊழ் என்று சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மூடியைத் திறந்து பார்க்காமலே ஒரு பிள்ளைக்கு விதி எழுதுகிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைகளிடம் இது இன்னும் சுலபமாக நடக்கிறது, அவர்கள் எதிர்த்துக் கேட்பதில்லை. இதற்கு நேர்மாறான பாவமும் உண்டு. பயாஸில் வீடியோ மெமரி ஒதுக்கீட்டைக் கூட்டிவிட்டு, கிராபிக்ஸையே கூட்டிவிட்டதாகப் பணம் வாங்குவது. அங்கே எண் மட்டும்தான் மாறுகிறது, சிப்பின் பலம் கூடுவதில்லை.

ராமையும் சேர்த்துப் பற்றவைத்த மாடல்கள் இப்போது நிறைய வருகின்றன. திறந்தால் காலியிடம் எதுவும் இருக்காது. அந்தப் பிள்ளைகளிடம் தூசி தட்டிய கூலிக்கு மேல் வாங்குவதில்லை. வீட்டில் குறைந்த பாலிகனில் மாடல் செய், பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டர் பிராசசரிலேயே ஓடும், நேரம்தான் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுப் படு, கல்லூரி லேப் மெஷின் கிடைத்தால் கடைசி ரெண்டரை அதில் எடு என்று பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுக்கிறேன்.