புகழும் நன்றியும்: தேயிலை மலைகளில் ஆய்வுக்கு உரிய மதிப்பு

வேளாண்மையிலும் உயிரியலிலும் புதிதாக ஒன்றைக் கண்டறிந்தவரைச் சமூகம் மதிக்கும்போது இரண்டு வேறு செயல்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒன்று புகழ்: இன்னார் இதை முதலில் கண்டார் என்று பலரறியச் சொல்லி அவரை மற்றவருக்கு மேலே வைப்பது. மற்றது நன்றி: இன்னாரால் நமக்கு இது கிடைத்தது என்று பெற்றவர் மறவாதிருப்பது. விருது, பட்டம், கட்டுரைத் தலைப்பின் கீழ் வரும் பெயர் எல்லாம் முதல் வகை. இரண்டாவதற்கு அறிவியல் உலகில் ஒழுங்கான ஏற்பாடு இல்லை. கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு நன்றியுரை வரும். அதில் பெயர் வந்தவரைத் தவிர யாரும் அதைப் படிப்பதில்லை.

புகழுக்கான ஏற்பாடுகளிலும் பயிருக்கு நெடுங்காலம் இடம் இல்லை. ஆல்ஃபிரட் நோபல் 1895இல் எழுதிய உயிலில் இயற்பியல், வேதியியல், மருத்துவம், இலக்கியம், அமைதி ஆகியவை உண்டு, வேளாண்மை கிடையாது. அதனால்தான் கோதுமை ஆய்வாளர் நார்மன் போர்லாக் 1970இல் அமைதிக்கான பரிசைப் பெற நேர்ந்தது. அவருடைய முயற்சியால் 1986இல் உலக உணவுப் பரிசு உருவானது. 1987இல் அதை முதலில் பெற்றவர் எம்.எஸ். சுவாமிநாதன். பரிசுப் பணத்தைக் கொண்டு மறு ஆண்டே சென்னையில் அவர் ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். இப்போது விருதுகளுக்குக் குறைவில்லை. பயிரறிவுக்கு எதைக் கைம்மாறாகக் கொடுக்க வேண்டும் என்ற கேள்விதான் தீராமல் நிற்கிறது. அதை இலங்கையில் நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தேயிலை மலைகளில் வைத்துப் பார்ப்பது நல்லது. அங்கே ஆய்வகமும் தொழிலாளர் குடியிருப்பான லயமும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன.

மலைநாட்டில் தேயிலைக்கு முன் கோப்பி இருந்தது. 1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் பொடி தோன்றியது. இங்கிலாந்தில் அந்தப் பூஞ்சணத்தை விவரித்துப் பெயரிட்ட பெர்க்லி, புரூம் இருவரின் பெயர்களும் அதன் அறிவியல் பெயருக்குப் பின்னால் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நோயின் உண்மையான நடைமுறையைக் கண்டவர் 1880இல் இலங்கைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் உழைத்த மார்ஷல் வார்டு. வித்துத் துகள்கள் காற்றில் பரவி, ஈர இலையில் முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே புகுகின்றன என்று அவர் காட்டினார். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே பூஞ்சணத்துக்கு விருந்து வைத்ததாயிற்று என்றும் சொன்னார். தோட்டக்காரர்கள் கேட்டது மருந்து. அவர் கொடுத்தது விளக்கம். கோப்பி அழிந்தது, அவரும் ஊர் திரும்பினார். அந்த விளக்கம் வெப்பமண்டலப் பயிர்நோய் அறிவியலுக்கே அடித்தளம் ஆயிற்று என்பது பின்னால் தெரிந்த கதை. கோப்பியில் முதலீட்டை இழந்தவருக்கு வார்டிடம் பட்ட கடன் எதுவும் இருப்பதாகத் தோன்றியிராது. பயன் தன் கைக்கு வராதபோது நன்றி பிறப்பது கடினம். புகழுக்கு அந்த நிபந்தனை இல்லை. அது தொலைவிலிருந்தும் வரும், காலம் தாழ்த்தியும் வரும்.

இதற்கு நேரெதிரான சிக்கல் தேயிலையில் வந்தது. இலைச்சுருட்டிப் புழு கொழுந்து இலைகளை நூலால் பிணைத்து உள்ளிருந்து தின்னும். அதன் முட்டைக் குவியல்களை இலை இலையாகத் தேடிக் கையால் பொறுக்குவது வழக்கமாக இருந்தது. 1935, 1936 ஆண்டுகளில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டனர். குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிடும்; குளவிக்குஞ்சு புழுவைத் தின்று வளரும். சில ஆண்டுகளில் புழு பெருந்தொல்லையாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு அப்படி ஒரு தொல்லை இருந்ததே தெரியாது. வெற்றி முழுமையாக இருந்ததால் வெற்றியை நினைவூட்ட எதுவும் மிஞ்சவில்லை. பின்னர் தண்டு துளைக்கும் வண்டை அழிக்க டில்ட்ரின் என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளித்தபோது குளவிகளும் செத்தன. இலைச்சுருட்டி திரும்பி வந்தது. குளவி அதுவரை செய்துகொண்டிருந்த வேலை அப்போதுதான் கண்ணில் பட்டது. வேளாண் ஆய்வின் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது. வராமற்போன நோய்க்கும் விழாமற்போன விளைச்சலுக்கும் சான்றிதழ் எழுதுவது யாருக்கும் எளிதல்ல.

தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. பின்னர் தலவாக்கலையில் செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. ஏற்றுமதியாகும் தேயிலை மீது விதித்த வரியே அதன் முதல். ஆய்வுக்கான பணமும் கொழுந்துக் கூடையிலிருந்துதான் வந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். முதல் இயக்குநர் பூஞ்சணவியலாளர் தாமஸ் பெட்ச். நிலையத்துக்குப் பின்னர் வந்த ஆய்வாளர்களில் தாமஸ் ஈடன் தனித்துச் சொல்லத் தக்கவர். இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் புள்ளியியல் மேதை ஃபிஷருடன் சேர்ந்து ஓட்ஸிலும் உருளைக்கிழங்கிலும் களப் பரிசோதனை நடத்திய அவர், அந்த முறையை இலங்கைத் தேயிலைக்குக் கொண்டுவந்தார். நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானித்து, ஒவ்வொரு பாத்தியின் கொழுந்தையும் தனித்தனியே நிறுத்து ஒப்பிடுவது அதன் சாரம்.

இங்கேதான் விஷயம் கூர்மையாகிறது. நிறுவைத் தட்டில் விழும் கொழுந்தைப் பறிப்பது ஒரு பெண். பறிக்கும் மட்டத்தைக் காட்டும் மட்டக்கம்பைச் செடியின் மேல் கிடத்தி, இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளி, முற்றிய இலையை விட்டு, கையை நிறைத்துப் பின்னால் கூடையில் எறிகிறாள். ஒருத்தியின் கைக்கும் இன்னொருத்தியின் கைக்கும் வேறுபாடு உண்டு. ஒரே ஆள் ஒரே பாத்தியில் தொடர்ந்து பறித்தால், உரத்தால் கூடிய நிறை எது, கையால் கூடிய நிறை எது என்று பிரிக்க முடியாது. அதனால் ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்துவது நல்ல பரிசோதனைக்குத் தேவை. கணக்கு முறையில் பார்த்தால் அவள் திறமை நீக்க வேண்டிய பிழையின் பங்கு. இதில் அவமதிப்பு எண்ணம் ஏதும் இல்லை. முறையே அப்படித்தான் இயங்கும். ஆனாலும் ஆயிரக்கணக்கான நிறுவைகளை உண்டாக்கிய கைகள் முடிவில் தடமில்லாமல் போவதே அந்த முறையின் வெற்றி என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. அவளுக்கு அன்றைய கணக்கு வேறு: நாளுக்கு வைத்த கிலோ சேராவிட்டால் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் அரைப் பேர், அதாவது அரைநாள் கணக்குத்தான் விழும்.

செய்தவர் பலனை எதிர்பார்க்கலாமா என்ற கேள்விக்கு இந்தியச் சமயங்கள் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கின்றன. கீதை பலனில் பற்றில்லாத செயலைப் போற்றுகிறது. பௌத்தம் இலாபம், நட்டம், புகழ், இகழ் முதலான எட்டையும் உலகைச் சுழற்றும் நிலைகள் என்று எண்ணி, அவற்றால் அசையாதிருக்கச் சொல்கிறது. இதைக் கேட்டவுடன் ஒரு வசதியான முடிவுக்கு வந்துவிடலாம்: நல்ல ஆய்வாளர் புகழை நாட மாட்டார், ஆகவே கொடுக்காவிட்டாலும் குறையில்லை. கொழுந்து பறிப்பவருக்கும் இதே நியாயம் நெடுங்காலம் சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னவர்கள் பெரும்பாலும் சம்பளம் கொடுக்கும் இடத்தில் இருந்தவர்கள்.

அந்த முடிவு தவறு. பலனை விரும்பாதிருப்பது செய்தவரின் ஒழுக்கம்; மறவாதிருப்பது பெற்றவரின் கடமை. முன்னதைக் காட்டிப் பின்னதைத் தள்ளுபடி செய்ய முடியாது. சமய நூல்களும் அப்படிச் செய்யவில்லை. புகழால் அசையாதே என்று சொல்லும் அதே அங்குத்தர நிகாயம், உலகில் அரிதான இருவரைக் குறிப்பிடுகிறது: கேளாமலே முதலில் உதவுபவர் ஒருவர், உதவியை அறிந்து நன்றி காட்டுபவர் மற்றவர். திருக்குறள் செய்ந்நன்றியறிதலுக்குப் பதினோராம் அதிகாரத்தையும் புகழுக்கு இருபத்துநான்காம் அதிகாரத்தையும் ஒதுக்குகிறது. இரண்டும் இல்லறவியலில் உள்ளவை. ஆனால் புகழ் வருவது ஒப்புரவும் ஈகையும் பேசப்பட்ட பிறகு, அந்த இயலின் கடைசியில். நன்றி எல்லாருக்கும் உரிய அன்றாடக் கடன், புகழ் கொடுத்து வாழ்ந்தவருக்குப் பின்னால் வந்து சேர்வது என்று இந்த வரிசையைப் படிப்பதில் தவறில்லை.

தோட்டத்து மக்களின் வழிபாட்டில் நன்றிக்கு ஒரு வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. மாரியம்மன், முனியாண்டி தவிர, மலையகத்துக்கென்றே பிறந்த தெய்வங்கள் உண்டு: கவ்வாத்துச்சாமி, கொழுந்துச்சாமி, தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதைமுனி. கவ்வாத்து, அதாவது செடியை வெட்டிவிடும் வேலை, தொடங்கும்போது மலையோரத்தில் ஒரு கல்லை வைத்துக் கற்பூரம் காட்டுகிறார்கள். கத்தி காலில் படாமல் காக்கவேண்டும் என்ற அச்சம் அதில் பெரும்பங்கு. ஆனாலும் தெய்வத்துக்குப் பெயர் வேலையிலிருந்து வருகிறது, செய்த ஆளிலிருந்து வரவில்லை. முதலில் கண்டவர் யார் என்ற போட்டிக்கு அங்கே இடமே இல்லை. ஆயுத பூசை நாளில் தொழிற்சாலையில் பொட்டு வைப்பது உருளை இயந்திரத்துக்கும்தான். மனிதர் அல்லாதவற்றுக்கு நன்றி செலுத்துவதைப் பகுத்தறிவுக்குப் பொருந்தாததாகச் சிலர் கருதக்கூடும். குளவியின் கதையைப் படித்தபின் அது அவ்வளவு விசித்திரமாகத் தெரியாது.

மரபின் குறையும் இதிலேயே இருக்கிறது. வேலையை மட்டும் வணங்கினால் ஆள் மறைந்துபோவார். மலைநாட்டில் ஆள் மறைந்துபோவது வெறும் உருவகம் இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பதற்கென நிறுத்திவைத்தது. எஞ்சியோருக்குக் குடியுரிமை தந்த சட்டம் 2003இல்தான் வந்தது. ஆய்வு நிலையத்தின் சிறந்த தேயிலை வகைகள் மலைகளில் பரவிய காலமும் இதுதான். ஒரு மனிதரை நாட்டவர் என்று ஏற்காதவர்கள் அவரது கைத்திறனை அறிவின் பங்கென்று ஏற்பார்கள் என எதிர்பார்ப்பதற்கில்லை.

அந்த வகைகளைப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். டி.ஆர்.ஐ. (தேயிலை ஆராய்ச்சி நிலையம்) 2023, 2025, 2026 முதலியவை எண்ணால் மட்டுமே அறியப்படுகின்றன. கண்டெடுத்தவர் பெயர் அவற்றில் இல்லை. தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் ஒரு துண்டுத் தண்டுமாக வெட்டி, தவறணை என்னும் நாற்றங்காலில் நிழலிட்டு, மண் நிரப்பிய உறையில் வேர்விடச் செய்து நட்டவை ‘வீ.பி.’ எனப்படும், விதையில்லாமல் பெருக்கிய இந்தத் தேயிலைகள். 2020 வரிசையின் பல வகைகள் அசாம் விதையிலிருந்து வந்த ஒரே தாயின் வழிவந்தவை. விளைச்சல் பெருகியது, மரபுவளத்தின் அடித்தளம் குறுகியது. வார்டு கோப்பியில் கண்ட ஆபத்து வேறு உருவில் எட்டிப்பார்க்கிறது. இத்தகைய வேலைக்கு உடனே பட்டம் சூட்டுவது அவசரம். நன்றிக்கு அந்த அவசரம் இல்லை, குறையையும் அறிந்தே அது நன்றியாக இருக்க முடியும்.

கொழுந்து பறித்தவரைக் கண்டுபிடிப்பாளர் என்பது மிகை என்று எதிர்வாதம் சொல்லப்படும். அது சரியான வாதம். கேள்வியை எழுப்பியதும், பாத்தியை வகுத்ததும், எண்களிலிருந்து முடிவுக்கு வந்ததும் ஆய்வாளர். ஆசிரியர் இடத்தில் அவர் பெயர்தான் வரவேண்டும். அதைப் பங்கிட்டுக் கொடுத்தால் முடிவு பிழைத்தபோது பொறுப்பேற்க ஆள் இருக்காது. டில்ட்ரின் தெளிக்கச் சொன்னதற்கு யாரும் பறித்தவரைக் கேட்க முடியாது. ஆனால் நன்றிக்கு ஆசிரியர் தகுதி தேவையில்லை, பங்கு இருந்தாலே போதும். பரிசோதனைப் பாத்தியில் எந்த நாளில் யார் பறித்தார் என்பது செக்ரோலிலும் நிறுவைக் கணக்கிலும் எழுதப்படும் விஷயம். அதை ஆண்டறிக்கையின் பின்னிணைப்பில் சேர்க்கச் சில பக்கங்களுக்கு மேல் ஆகாது.