33 கையெழுத்துகள்

2002 செப்டம்பர் 26 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு விளம்பரம் வந்தது. ஈராக் மீது போர் தொடுப்பது அமெரிக்காவுக்கு நன்மையல்ல என்று 33 அறிஞர்கள் கையெழுத்திட்டுத் தங்கள் செலவில் வெளியிட்டது. கென்னத் வால்ட்ஸ், ஜான் மியர்ஷைமர், தாமஸ் ஷெல்லிங் எல்லாம் அதில் இருந்தார்கள். போரே கூடாது என்னும் சாந்தமூர்த்திகள் அல்லர் இவர்கள். படைபலத்தைக் கணக்குப் போட்டே பெயர் வாங்கியவர்கள். எளிதில் வென்றாலும் அந்த நாட்டைவிட்டு வெளியேற வழி இருக்காது என்று எச்சரித்தார்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஆறு வாரம்கூட இல்லை. பதினைந்தே நாளில் செனட் சபை 77க்கு 23 என்று போருக்கு அனுமதி தந்தது.

2004 அதிபர் தேர்தல் நேரத்தில் 600க்கும் மேற்பட்ட அறிஞர்கள் ஈராக் போரைக் கண்டித்து இன்னொரு திறந்த மடல் எழுதினார்கள். பேரழிவு ஆயுதக் கிடங்கு எதுவும் ஈராக்கில் இல்லை என்று அமெரிக்க அரசு அனுப்பிய ஆய்வுக்குழுவே அதற்குள் சொல்லியிருந்தது. ஆனாலும் அந்த அக்டோபரில் வெளியான மேரிலாந்துப் பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வொன்றில், ஆயுதமோ அதற்கான பெரிய திட்டமோ அங்கே இருந்ததாகப் அதிபர் புஷ்ஷின் ஆதரவாளர்களில் 72 சதவீதம் பேர் நம்பினார்கள். புஷ் மறுபடியும் வென்றார்.

மக்களின் அறியாமை என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேர்தலில் புஷ்ஷை எதிர்த்து நின்ற ஜான் கெர்ரியும் அந்த 77 பேரில் ஒருவர். மடலைப் படித்து மனம் மாறியவர் யாருக்கு வாக்களிப்பது? அறிஞர்கள் எழுப்பிய கேள்வி வாக்குச்சீட்டில் இல்லவே இல்லை. பிரச்சார காலத்தில் எதைச் சொன்னாலும், சொல்வது சரியா என்பதற்கு முன்னால் ‘இவர் எந்தக் கட்சி’ என்றுதான் கேட்பார்கள். அதைவிட ஆழமான தடை ஒன்று உண்டு. மகனைப் போருக்கு அனுப்பிவிட்டு இருப்பவரிடம் அந்தப் போரின் காரணம் பொய் என்றால், அவர் காதில் அது தகவலாக விழாது. தன் இழப்புக்கு இருந்த ஒரே அர்த்தத்தையும் பிடுங்குவதாகவே படும். அதை விட்டுக்கொடுக்க மனிதருக்கு ஆண்டுகள் ஆகின்றன. பிரச்சாரத்துக்குக் கிடைப்பதோ வாரங்கள்.

2008இல்தான் ஈராக் போருக்கு அளித்த வாக்கு கணக்கில் வந்தது. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் போருக்கு வாக்களித்த ஹிலாரி கிளின்டனை ஒபாமா முந்தினார். 2002இல் அந்த விளம்பரம் வெளியான ஆறாம் நாள் சிகாகோ கூட்டமொன்றில் இந்தப் போரை எதிர்த்துப் பேசியிருந்தவர் அவர். அதற்குள் ஏறக்குறைய 4,000 அமெரிக்கப் படையினர் இறந்திருந்தார்கள். ஈராக்கியர் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒரே கணக்கு இல்லை.