செய்யாத கொலைக்கு மன்னிப்பு

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்ன சொல்லி அழுவாள் என்று நமக்குத் தெரியும். ‘நானே உன்னைக் கொன்னுட்டேனே, பாவி நான்’ என்று மாரில் அடித்துக்கொள்வாள். சுற்றியிருக்கும் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். ஒருத்தியும் காவல் நிலையத்துக்கு ஓடமாட்டாள். அது வாக்குமூலமல்ல, அழுகையின் மொழி என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் கேத்லீன் ஃபோல்பிக் அந்த மொழியைத் தன் நாட்குறிப்பில் எழுதினார். 1989க்கும் 1999க்கும் இடையே அவருடைய நான்கு குழந்தைகளும் ஒவ்வொன்றாக இறந்தன. மூத்தவனுக்கு வயது 19 நாள். குறிப்பேடு கணவர் கையில் கிடைத்தது, அவர் அதைப் போலீசிடம் கொடுத்தார். பிள்ளைகளின் இறப்புக்குத் தன்னையே நொந்துகொண்ட வரிகள் நீதிமன்றத்தில் குற்ற ஒப்புதலாக வாசிக்கப்பட்டன. 2003இல் 40 ஆண்டுச் சிறைத் தண்டனை. மேல்முறையீட்டில் அது 30 ஆனது.

பிறகு மரபணு ஆய்வு வந்தது. நோய் எதிர்ப்பியல் அறிஞர் கரோலா வினுவேசாவும் சக ஆய்வாளர்களும், தாயிடமிருந்து இரு பெண் குழந்தைகளுக்கும் வந்திருந்த ‘கால்ம்2’ மரபணுப் பிறழ்வைக் கண்டறிந்தார்கள். இதயத் துடிப்பைத் திடீரென நிறுத்தக்கூடியது அது. விசாரணை நடத்திய முன்னாள் தலைமை நீதிபதி டாம் பாதர்ஸ்ட் நாட்குறிப்பையும் மறுபடி வாசித்தார். இம்முறை அதில் துக்கத்தில் தன்னையே பழித்துக்கொள்ளும் ஒரு தாய் தெரிந்தாள். அதற்கு 20 ஆண்டு ஆயிற்று.

2023 ஜூன் 5 அன்று ஆளுநரின் பொதுமன்னிப்பில் ஃபோல்பிக் வெளியே வந்தார். ஆனால் மன்னிப்பு தண்டனையைத்தான் நிறுத்தியது. குற்றவாளி என்ற தீர்ப்பு ஏட்டில் அப்படியே இருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்து அவரை விடுவித்தது டிசம்பர் 14 அன்று. நம் நாட்டிலும் இதே நிலைதான்: குடியரசுத் தலைவரின் கருணை நீதிமன்றப் பதிவை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 1988இல் கேகர் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது.

“வெளியே வந்துட்டாங்களே மேடம், அப்புறம் ஏட்டில் என்ன இருந்தா என்ன?” என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்விதான். அந்த ஆறு மாதமும் அவர் யார் என்று நான் திருப்பிக் கேட்டேன். மன்னிக்கப்பட்ட கொலைகாரி. மன்னிப்பவர் எப்போதும் ஒரு படி மேலே நிற்கிறார். பெறுபவள் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. குற்றம் செய்து, தண்டனையை அனுபவித்து, மறுவாழ்வு கேட்கும் பெண்ணுக்கு மன்னிப்பு பொருத்தமான சொல். அவளுக்கு அது தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். செய்யாதவளுக்கு அதே சொல்லை நீட்டுவது இன்னொரு முறை குற்றம் சாட்டுவதுதான். அரசு தன் பிழைக்குக் கேட்க வேண்டிய மன்னிப்பை அவளுக்கு வழங்கிவிட்டுப் போகிறது.

என் மகளுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தது. அப்போது நான் அடுத்த அறையில் பாடத்துக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். ‘எல்லாம் என்னால்தான். நான் தாயே இல்லை’ என்று அன்றிரவு எழுதியிருக்கிறேன். இந்த வழக்கைப் படித்த பிறகு அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். பக்கத்தைக் கிழிக்கக் கை போனது. கிழிக்கவில்லை; பீரோவில் திருப்பி வைத்துவிட்டேன்.